விரல் நுனி முறிவு

கதவிடுக்கில் விரல் சிக்கிக் கையை உதறிக்கொண்டு ஓடும் சிறுவனைக் கண்டு நகையாதார் சிலரே, யாமும் நகைத்தவர்களே. கால் முறிந்தால் வைத்தியரைத் தேடி ஓடும் நாம், விரல் நுனி நசுங்கினால் ஈரத்துணி சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகிறோம்.

ஒரு கையின் 27 எலும்புகளுள் விரல்களுக்கு உரியன 14. பெருவிரலுக்கு இரண்டு, ஏனையவற்றிற்கு மும்மூன்று. இவற்றுள் நுனியெலும்பு அடியில் அகன்று, இடையில் ஒடுங்கி, முனையில் மீண்டும் சிறிது விரிந்திருக்கும். தோலிலிருந்து எலும்புவரை ஓடும் நுண்ணிய நார்கள் அம்முனையைச் சதையோடு பிணித்துள்ளன. ஆதலின் சுத்தியலடியால் முனை நொறுங்கினும் துண்டுகள் பெரும்பாலும் இடம் பெயர்வதில்லை. சில வாரம் தகடு வைத்துக் கட்டினால் போதும். ஆனால் விரலின் நடுக்கணுவையும் சேர்த்துக் கட்டலாகாது. கட்டினால் அது விறைத்துப்போம். இரவெல்லாம் துடிக்கும் நோவு பெரும்பாலும் நகத்தின்கீழ்த் தேங்கிய குருதியால் வருவது. வைத்தியர் நகத்தில் சிறு துளையிட்டு அதனை வடித்தவுடன் நோவு தணியும்.

அங்ஙனமாயின் அஞ்சுவதற்கு யாதுளது? எலும்பினும் அதனை ஒட்டியவற்றிலேயே இடர் மிகுதி. கிரிக்கெட்டுப் பந்து விரல் நுனியில் நேரே மோதுங்கால், விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துவிடலாம். அல்லது எலும்பின் அடியில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு விலகலாம். நோவு சிறிதாகவும் இருக்கும். நுனி மட்டும் தொங்கும்; தானே நிமிராது. இதனைச் சுளுக்கென்று எண்ணி உருவியும் இழுத்தும் விடுவார் நம்மவருட் பலர். அது பெருந்தவறு. நுனிக்கணுவை நேரே நிறுத்தி, இரவும் பகலும் 6 முதல் 8 வாரம் தகட்டில் வைத்திருத்தல் வேண்டும். குளிக்கும்போது ஒருமுறை நுனி தாழ்ந்தாலும் நாட்களை முதலிலிருந்தே எண்ண நேரும். தேர்வு நெருங்கும் மாணாக்கர்க்கு இஃது இனிய செய்தியன்று!

இதற்கு மாறாக, சடுகுடு ஆட்டத்தில் எதிரியின் சட்டையைப் பற்றிய விரல் வலிந்து நிமிர்க்கப்பட்டால், மடக்கும் நாண் அறுபடும். மோதிர விரலே இதற்குப் பெரிதும் இலக்காகும். நுனியை மடக்க இயலாதாயின் சில நாட்களுக்குள் அறுவை வைத்தியம் வேண்டும்.

இவற்றைப் பிரித்தறிய எக்ஸ் கதிர்ப் படம் துணைசெய்யும். 1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை எடுத்த படத்தில் எலும்புகளோடு மோதிரமும் தெரிகின்றது. அடிபட்ட கையிலோ வீங்குமுன்னரே மோதிரத்தைக் கழற்றிவிடல் நன்று.

குழந்தைகள் செய்தி வேறு. அவர்தம் நுனியெலும்பு வளரும் இடம் நகத்தின் வேருக்கு அருகே உளது. கதவில் நசுங்கி நகத்தின் வேர் தோலுக்கு மேலே வந்திருப்பின், நகந்தானே என்று பெற்றோர் எண்ணுவர். உள்ளே எலும்பு முறிந்து, புண் அதுவரை திறந்திருக்கலாம். கழுவித் தைக்காது விட்டால் எலும்பிற் சீழ் கொள்ளும்; விரல் குறுகியும் கோணியும் வளரும். அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

விழுந்த நகம் முற்றும் வளர ஏறத்தாழ 6 மாதம் செல்லும். அதுவரையும் அதற்குப் பின்னருங்கூடக் குளிர் பட்டால் நுனி கூசுவதுண்டு; வீணை பயில்வோர் இதனையும் கணக்கிற் கொள்க.