கவரில் எத்தனை போல்ட்? பழைய பிக்கப்பின் ஆக்ஸிலைப் படிப்பது எப்படி



"ஓப்பன் டிஃபரன்ஷியலில் மொத்த டார்க்கும் வழுக்கும் சக்கரத்துக்கே போய்விடும்." வைவாவில் நம்மில் பலர் சொல்லும் பதில் இது. கேட்க சரியாகத்தான் இருக்கும், ஆனால் தவறு. ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் எப்போதும் சம டார்க்தான் கொடுக்கும். சேற்றில் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100தான். மொத்தம் 200. வண்டி நகராததற்குக் காரணம் இதுதான்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (சுருக்கமா எல்.எஸ்.டி.) என்ன செய்யுது? உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் சைடு கியரைக் கேஸோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். டார்க் பயஸ் விகிதம் 2.5 என்று வைத்துக்கொள்வோம். வழுக்கும் பக்கம் 100 என்றால் பிடிப்புள்ள பக்கம் 250 வரை போகும். மொத்தம் 350. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்ஜியத்தை 2.5ஆல் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். அதனால்தான் உள்ளே ஸ்பிரிங் வைத்து முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தம் கொடுக்கிறாங்க.

இப்போ 1970, 80களின் அமெரிக்க ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றின் அடியில் படுத்துப் பார்ப்போம்.

1. கவரும் போல்ட்டும்

ஹவுசிங்கின் பின்பக்கக் கவரில் போல்ட்டுகளை எண்ணுங்க. டானா 44, டானா 60 இரண்டுக்கும் 10 போல்ட்தான். 44இன் கிரவுன் வீல் விட்டம் சுமார் 8.5 அங்குலம், 60க்கு 9.75. ஹவுசிங்கின் விலாவில் பெரும்பாலும் 44 அல்லது 60 என்று வார்ப்பிலேயே இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 10, 12, 14 போல்ட் ரகங்கள் உண்டு. 14 போல்ட்டிலேயே 10.5 அங்குலம், 9.5 அங்குலம் என்று இரண்டு வகை. ஆக, எண்ணிக்கை முதல் படி மட்டும்தான். கவரின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கணும். பின்பக்கம் கழற்றும் கவரே இல்லையா? மொத்த கியர் தொகுதியும் முன்பக்கமாகக் கழன்று வருமா? அது ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. சக்கரத்தின் நடு

சக்கரத்தின் நடுவிலிருந்து ஹப் துருத்தி நின்று, அதன் முகத்தில் வட்டமாக போல்ட்டுகள் தெரிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டியின் எடையை ஹவுசிங் தாங்கும். ஷாஃப்ட்டுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். ஷாஃப்ட்டை உருவினாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட்டே எடையையும் சுமக்குது. அது உடைந்தால் சக்கரமே கழன்று ஓடலாம்.

3. சுற்றிப் பார்க்கும் சோதனை

இன்ஜினை அணைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலை ஸ்டாண்டில் ஏற்றுங்க. ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் டூ வீல் நிலையில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டிருக்கணும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றுதா? ஓப்பன். அதே திசையில் சுற்றினால் எல்.எஸ்.டி. அல்லது லாக்கர்.

இரண்டு விதிவிலக்கு உண்டு. கிளட்ச் தட்டுகள் தேய்ந்த எல்.எஸ்.டி. ஓப்பன் போலவே நடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் ஈட்டன் லாக்கரும் கையால் சுற்றும்போது ஓப்பன் மாதிரிதான் தெரியும். இரு சக்கர வேக வித்தியாசம் சுமார் 100 ஆர்.பி.எம். தாண்டினால்தான் அதன் எடைகள் விரிந்து பூட்டும். எனவே கிளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் ஜி80 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்க.

4. கியர் விகிதம்

பற்களை எண்ண முடிந்தால் சுலபம்: 41ஐ 11ஆல் வகுத்தால் 3.73, 41ஐ 10ஆல் வகுத்தால் 4.10. திறக்காமலே அறிய, புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போடுங்க. ஓப்பன் என்றால் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை 2 முழுச் சுற்று சுற்றணும். கிரவுன் வீலின் வேகம் இரு சக்கர வேகங்களின் சராசரி. பூஜ்ஜியமும் இரண்டும் சேர்ந்தால் சராசரி ஒன்று. ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்ததோ அதுவே விகிதம். எல்.எஸ்.டி. என்றால் இரு சக்கரத்தையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று.

இதெல்லாம் எதுக்கு?

பின்னால் 4.10 ஆக்ஸிலை மாற்றிவிட்டு முன்னால் 3.73ஐ அப்படியே விட்டால் வித்தியாசம் சுமார் 10 சதவீதம். பார்ட் டைம் டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் டயரோ, யுனிவர்சல் ஜாயின்ட்டோ, டிரான்ஸ்ஃபர் கேஸோ பலியாகும்.

அதைவிட முக்கியம் உயிர். எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, இன்ஜினை ஓட்டி கியர் போட்டால், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். அடியில் ஆள் இருந்தால்? அதனால், என்ன ஆக்ஸில் என்று தெரியும் வரை எல்.எஸ்.டி. என்றே நினைத்து வேலை செய்யுங்க.

அடுத்த லேப் வகுப்பில் கட் செக்ஷன் டிஃபரன்ஷியல் முன்னால் நின்றால், முதலில் பற்களை எண்ணி விகிதத்தைக் கண்டுபிடியுங்க. அப்புறம் வைவாவுக்குப் போகலாம்!