இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்

முடி நட்டுக்கொள்ள இஸ்தான்புல் போகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டாக்டரிடம் பேசியாகிவிட்டதா? "பேசிட்டேன், வாட்ஸப்லயே எல்லாம் முடிஞ்சுது" என்பார்கள். யாரிடம் பேசினீர்கள் என்று துருவிக் கேட்டால், டாக்டரிடம் இல்லை. கிளினிக்கின் விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம். ஹோட்டல், விமான நிலையத்திலிருந்து வண்டி, ஷாம்பு, மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து யூரோவில் ஒரு தொகை சொல்லி, முன்பணமும் வாங்கியிருப்பார். தலையைப் பார்க்க வேண்டியவர் மட்டும் பார்த்திருக்க மாட்டார்.

துபாயிலும் தோஹாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் கிளம்புகிறார்கள். விமானத்தில் நான்கைந்து மணி நேரம், ஒரு வார லீவு போதும், லண்டனில் கேட்பதைவிடச் செலவும் குறைவு. போவதில் தவறே இல்லை. இஸ்தான்புல்லில் மிகத் திறமையான டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களின் பெயரை முன்னால் நிறுத்தி ஆள் பிடிக்கும் இடங்களும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

முதல் ஆலோசனை உள்ளூரில்

வெளிநாட்டு டாக்டருக்கு எழுதும் முன் உங்கள் ஊர்த் தோல் டாக்டரைப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. முடி உதிர்வதெல்லாம் பரம்பரை வழுக்கை ஆகாது. டெங்கு, டைஃபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். பிறகு தானாக வளரும். அதற்கு முடி நடவே வேண்டாம். மயிர்க்காலை அழித்துத் தழும்பாக்கும் நோய்களும் உண்டு. அந்த நோய் அடங்காத தலையில் நட்டால் நட்டதும் போய்விடும். சிலருக்குப் பின்மண்டையிலும் சேர்த்து முடி மெலிந்துகொண்டே வரும். அங்கிருந்து எடுத்து நட்டால் அது நிலைக்காது. இதையெல்லாம் கைபேசிப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. தோல் டாக்டர் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்வார். அவர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பு, தைராய்டு, இரும்புச் சத்து, சர்க்கரை சோதனை முடிவுகள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்கவே கூடாது.

படம் எடுக்கும்போது

ஜன்னல் பக்கம் நின்று பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். முன்னால், இரு பக்கம், பின்னால், மேலிருந்து, குனிந்தபடி உச்சி. தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. வழுக்கையை மறைக்கத் தூவும் பொடியும் கூடாது. உலர்ந்த முடியில் ஒரு முறை, நனைத்த முடியில் ஒரு முறை. நனைத்தால்தான் மெலிவு அப்பட்டமாகத் தெரியும். பின்மண்டை முடியைச் சீப்பால் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி ஒரு படம் அவசியம். முடி எடுக்கப்போவது அங்கிருந்துதான். பலரும் நெற்றியைப் பத்துக் கோணத்தில் அனுப்பிவிட்டு இந்தப் படத்தை விட்டுவிடுகிறார்கள். அப்பாவின் தலையும் தாய்மாமன் தலையும் தெரிகிற படம் இருந்தால் அதையும் சேருங்கள்.

டாக்டரின் பெயர்

கிளினிக் பெயரைத் தேடாதீர்கள், டாக்டர் பெயரைத் தேடுங்கள். 1993ல் தொடங்கிய ஐஎஸ்ஹெச்ஆர்எஸ் என்ற பன்னாட்டு முடி மறுசீரமைப்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் இணையதளத்தில் நாடுவாரியாக உறுப்பினர்களைப் பார்க்கலாம். உறுப்பினராக இருப்பது மட்டுமே திறமைக்குச் சான்று இல்லை. ஆனால் அங்கிருந்து தேடத் தொடங்கினால் விளம்பரத்திலிருந்து தப்பிக்கலாம். வெளிநாட்டு நோயாளிகளைப் பார்க்கும் இடங்களுக்குத் துருக்கி சுகாதார அமைச்சகம் தனி அங்கீகாரச் சான்று தருகிறது. அதன் நகலைக் கேளுங்கள். முறையான இடம் உடனே அனுப்பும்.

மூன்று டாக்டர்களிடம் பேசுங்கள். ஒருவரோடு நிறுத்தினால் ஒப்பிட ஆளில்லை. ஐந்து பேரிடம் பேசினால் குழம்பிவிடுவீர்கள்.

எழுதும்போதே, டாக்டரிடம் வீடியோவில் பேச வேண்டும், அதற்குக் கட்டணம் இருந்தாலும் செலுத்துகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இலவச ஆலோசனை என்று அழைக்கும் இடங்களில் பெரும்பாலும் எதிரில் வருபவர் விற்பனையாளர்தான். துருக்கி நேரம் இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. கத்தார், குவைத், சவூதிக்கு ஒரே நேரம். பகல் முழுக்க அறுவை நடக்கும் என்பதால் டாக்டர் மாலையில்தான் ஓய்வாக இருப்பார். அவருடைய ஆறு மணியை, நம் எட்டரை மணியைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் குறையில்லை. மொழிபெயர்ப்பவர் கிளினிக்கின் விற்பனையாளராக இருந்தால்தான் சிக்கல். கேள்விகளை முன்னாலேயே எழுதி அனுப்பிவிட்டால் அவரும் தயாராக வருவார்.

வீடியோ பேச்சு: இங்கேதான் கவனம்

ஒரு பையனின் கைபேசியில் பார்த்தேன். அவன் அனுப்பிய படத்திலேயே நெற்றியில் சிவப்பு மையால் ஒரு கோடு. புருவத்துக்கு மிக அருகே, காதோரம் வரை நேராக இழுத்திருந்தார்கள். கீழே 4,500 கிராஃப்ட் என்று ஒரு வரி, அதற்குக் கீழே தொகை. படம் அனுப்பியதற்கும் பதில் வந்ததற்கும் இடையில் பத்து நிமிடம்கூட இல்லை. வயது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கு இருபத்துநாலு.

அந்த 4,500 என்ன என்று புரிந்துகொண்டால் பாதி ஆலோசனை முடிந்த மாதிரி. கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்து வளரும் ஒரு கொத்து. இயற்கையான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 80 கொத்துகள் இருக்கும். அதில் பாதி, அதாவது 40 இருந்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு முடி இருப்பதாகத் தெரியும். முன்பக்கம் மட்டும் 50 சதுர சென்டிமீட்டர் காலியாக இருந்தால் 2,000 போதும். இனி மறுபக்கக் கணக்கு. பின்மண்டையும் பக்கவாட்டும் சேர்ந்து, வெளியே தெரியாமல் எடுக்கக்கூடியது பலருக்கு வாழ்நாள் மொத்தத்துக்கும் 6,000ஐத் தாண்டாது. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. முழு வழுக்கை விழுந்தால் காலி இடம் 150 முதல் 200 சதுர சென்டிமீட்டர் வரும். 40 வீதம் நட்டால் 6,000 முதல் 8,000 வரை தேவை. இருபத்துநாலு வயதில் 4,500ஐ நெற்றியிலேயே கொட்டிவிட்டால், நாற்பதில் பின்னால் வழுக்கை விரியும்போது கையில் ஒன்றும் இருக்காது. முன்னால் நட்ட முடி தனித் தீவாக நிற்கும். பின்மண்டையில் அளவுக்கு மீறி எடுத்த இடங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ஆகவே முதல் கேள்வி, "எத்தனை கிராஃப்ட் வைப்பீர்கள்?" என்று இருக்கக் கூடாது. "என் பின்மண்டையில் மொத்தம் எத்தனை இருக்கும், இந்த முறை எவ்வளவு எடுக்கிறீர்கள், பிற்காலத்துக்கு எவ்வளவு விட்டுவைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர், நேரில் அளந்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன் என்று ஒரு வரம்பு சொல்வார். அப்பாவுக்கு எப்படி, தாய்மாமனுக்கு எப்படி என்று அவரே கேட்பார். ஒரே தொகைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்து நடுகிறோம் என்ற சலுகையைக் கேட்டதும் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் தவறாகவே கேட்கிறார்கள். "டாக்டர் இருப்பாரா?" என்பார்கள். இருப்பார் என்றுதான் எல்லா இடத்திலும் பதில் வரும். காலையில் வந்து கோடு வரைந்துவிட்டுப் போனாலும் இருந்ததாகத்தான் கணக்கு. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முடிக்கோடு வரைவது யார்? மரப்பு ஊசி போடுவது யார்? பின்மண்டையிலிருந்து எடுப்பது யார்? முன்னால் கீறல் போடுவது யார்? நடுவது யார்? இதில் கடைசியைப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். முடி எந்தக் கோணத்தில், எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக வளரும் என்பதைத் தீர்மானிப்பது கீறல். அது டாக்டரின் கையாக இருக்க வேண்டும். எடுப்பதும் அவரே என்றால் இன்னும் நல்லது. பேனா போன்ற கருவியால் நடும் டிஹெச்ஐ முறையில் துளையிடுவதும் நடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். அங்கே நடுபவர் யாரோ அவர்தான் கோணத்தையும் முடிவு செய்கிறார். ஆகவே கேள்வியை அதற்கேற்ப மாற்றிக் கேளுங்கள். சஃபையர் என்று பெருமையாகச் சொல்வது கீறல் போடும் கத்தியின் பொருளைத்தான். கத்தியைப் பிடிக்கும் கை யாருடையது என்பது அதைவிட முக்கியம்.

கூடவே, ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். ஒன்று அல்லது இரண்டு என்றால் தொடருங்கள். அதற்கு மேல் என்றால் டாக்டர் அறை அறையாக ஓடிக்கொண்டிருப்பார்.

மரப்பு ஊசியை ஏன் தனியாகக் கேட்கச் சொல்கிறேன் என்றால், மணிக்கணக்கில் நடக்கும் இந்தச் சிகிச்சையில் அந்த மருந்தின் அளவை உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். மீறினால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். 2016ல் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் முடி நட்ட பிறகு இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் என்று அப்போது செய்தி வந்தது. அவசரத்துக்கு என்ன வசதி இருக்கிறது, பக்கத்து மருத்துவமனை எது என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

மாத்திரையைப் பற்றி டாக்டர் பேசுகிறாரா என்று கவனியுங்கள். நட்ட முடி நிற்கும். நடாத பழைய முடி தொடர்ந்து உதிரும். அதைத் தடுக்கத்தான் ஃபினாஸ்டிரைடு, மினாக்ஸிடில். ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலுணர்வுக் குறைவையும் மனச்சோர்வையும் தரலாம்; ஆகவே நன்மை தீமை இரண்டையும் சொல்லி உங்களை முடிவெடுக்க விடுபவரே சரியான டாக்டர். இருபத்தைந்துக்குக் கீழே என்றால், ஒரு வருடம் மருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புபவரிடமே பிறகு போங்கள். உச்சி வழுக்கையை முதல் முறையிலேயே தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது கிராஃப்டை விழுங்கும், பலனும் மெதுவாகத்தான் தெரியும்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: மொட்டை. பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டுதல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நட்ட முடிக்கு, நன்றாக ஊன்றிய பிறகு, மழிப்பதால் கேடு இல்லை. ஆனால் ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்த எஃப்யூஇ முறையில், மாநிறத் தோலில் பின்மண்டை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியலாம். தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் பழைய முறையில் நீளமான தழும்பே இருக்கும். காயம் பட்டால் தடித்துப் புடைக்கும் உடம்பு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பேச்சு முடிந்த பிறகு

அன்றிரவே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: யார் என்ன செய்வார், எத்தனை கிராஃப்ட் வரம்பு, எவ்வளவு பணம், ரத்துசெய்தால் எவ்வளவு திரும்ப வரும். நீங்கள் புரிந்துகொண்டதை எழுதி, சரிதானே என்று கேளுங்கள். வாட்ஸப் குரல் பதிவுகளை நம்பாதீர்கள். ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். அறுவை அன்று காலையில், பதற்றத்தில், துருக்கி மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. முன்பணம் சிறிதாக இருக்கட்டும். மீதியை ரொக்கமாகக் கேட்டாலும் மருத்துவமனை பெயரில் ரசீது வேண்டும்.

அறுவைக்கு முதல் நாளே போய் டாக்டரை நேரில் பாருங்கள். பின்மண்டையை அளந்துவிட்டு அவர் திட்டத்தை மாற்றினால் யோசிக்க ஓர் இரவு கிடைக்கும். கோட்டை வரைந்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஐம்பது வயதிலும் இந்தக் கோடு பொருந்துமா என்று கேளுங்கள். கீழே இறக்கு என்று நீங்கள் கெஞ்சினாலும் மறுப்பவர் கிடைத்தால் நல்ல காலம்.

கடைசியாகக் கேட்க வேண்டியது ஊர் திரும்பிய பிறகு நடப்பவை பற்றி. நட்ட முடி முதல் மாதத்திலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மூன்று நான்கு மாதத்தில் மெல்ல முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். அந்த வருடம் முழுக்க உங்கள் படங்களைப் பார்த்துப் பதில் சொல்லப்போவது யார், அவருடைய மின்னஞ்சல் எது என்று வாங்கி, பணம் கட்டும் முன்பே அந்த முகவரிக்கு ஒரு சந்தேகம் எழுதிப் பாருங்கள். பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு வாரத்தில் பதில் எழுதாத டாக்டர், வாங்கிய பிறகு எழுத மாட்டார். அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் பேசுங்கள்.