சுற்றி வரும் எண்

இந்த எண்ணைச் சத்தமாகப் படியுங்கள்.

1,42,857

ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. இதைப் பெருக்கிப் பார்ப்போமா?

1,42,857 × 2 = 2,85,714
1,42,857 × 3 = 4,28,571
1,42,857 × 4 = 5,71,428
1,42,857 × 5 = 7,14,285
1,42,857 × 6 = 8,57,142

விடைகளைக் கவனியுங்கள். எல்லாவற்றிலும் அதே ஆறு இலக்கங்கள். வரிசையும் அதேதான். தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. இலக்கங்களை வட்டமாக எழுதுங்கள். சுற்றி வந்து படியுங்கள். புரியும்.

ஏழால் பெருக்கினால்? 9,99,999 வரும். ஒன்று கூட்டினால் பத்து லட்சம்.

உடன்பிறந்தவர்கள் ஏழு பேர். பொது நிலத்தைப் பத்து லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,42,857 ரூபாய். மீதி ஒரு ரூபாய்.

ஒருவர் பங்கு 1,42,857. இருவர் பங்கு 2,85,714. இலக்கங்கள் அவையே. தொகையோ இரண்டு மடங்கு! இலக்கம் நிற்கும் இடம்தான் அதன் மதிப்பு. ஆகவே கையெழுத்துப் போடும் முன் லட்சத்தின் இடத்தில் எந்த இலக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வோர் இடமாகப் படியுங்கள்.

பயிற்சி

1. மூன்று பேரின் பங்கு எவ்வளவு? எழுத்தால் எழுதுங்கள்.
2. மேலே உள்ள ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டுங்கள். என்ன வருகிறது? ஏன்?