புழுவின் கையில் மூக்கணாங்கயிறு

சரவணம்பட்டி உழவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் கேட்டார்: "ஆட்டு வயித்துல புழு இருந்தா மெலிஞ்சு காட்டிக் குடுத்துருதுங்க. மனுசனுக்கு யானைக்கால் புழு இருந்தா மட்டும் ஏனுங்க வருசக்கணக்கா வெளிய தெரியறதில்ல?" பலருக்கும் பயன்படும் கேள்வி இது.

உடலின் காவல்

நம் இரத்த வெள்ளணுக்களுள் 'டி' அணுக்கள் என்ற ஒரு வகை உண்டு. உடலுக்குள் புகும் கிருமிகளையும் புழுக்களையும் எதிர்ப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இவை உழவு மாட்டைப் போன்றவை. வலிமையும் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும். கட்டவிழ்ந்த மாடு பயிரையே மிதித்துவிடும் அல்லவா? ஆகவே இவ்வணுக்களில் மூக்கணாங்கயிறு போன்ற சில புரதங்கள் அமைந்துள்ளன. சி.டி.எல்.ஏ.4, பி.டி.1 ஆகிய இரண்டும் இவற்றுள் முக்கியமானவை. இவற்றை ஆராய்ந்து புற்றுநோய் மருத்துவத்திற்கு வழிகாட்டிய அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானிய அறிஞர் டசுக்கு ஹோஞ்சோவும் 2018ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

புழுவின் தந்திரம்

யானைக்கால் புழு நிணநீர் நாளங்களில் பல ஆண்டுகள் வாழும். அது ஈனும் நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் உலவும். அவற்றைக் கொசு பிறருக்குப் பரப்பும். சென்னை காசநோய் ஆராய்ச்சி மையமும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. நுண்புழு உள்ளவர்களின் இரத்த அணுக்களுடன் உயிருள்ள புழுக்களைச் சேர்த்தபோது, மேற்கூறிய இரு புரதங்களும் மிகுந்தன, எதிர்ப்பு தணிந்தது. அதாவது, மூக்கணாங்கயிற்றைப் புழுவே பற்றி இழுக்கிறது. ஆகவேதான் நோய் வெளியே தெரிவதில்லை.

கால் வீங்கியவர்களிடம் நிலைமை வேறு. 2009இல் வெளியான ஆய்வில், இவர்களிடம் சி.டி.எல்.ஏ.4 குறைந்தும், அழற்சியைத் தூண்டும் எதிர்ப்பு மிகுந்தும் காணப்பட்டன. கயிறு தளர்ந்த மாடு வயலை மிதித்த கதைதான்.

நாம் செய்ய வேண்டுவன

1. "எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை எதற்கு?" என்று கூறுதல் தவறு. ஒன்றும் தெரியாதவரின் இரத்தத்திலிருந்தும் நோய் பரவும். நோய்ப் பகுதிகளில் அரசு ஊழியர் வழங்கும் டி.இ.சி., ஆல்பெண்டசோல் மாத்திரைகளை அவர் முன்னிலையிலேயே விழுங்குதல் நலம். தாய்ப்புழு பல ஆண்டுகள் வாழ்வதால், ஆண்டுதோறும் வழங்கும்போதெல்லாம் உட்கொள்ள வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயுற்றோர் உட்கொள்ளலாகாது.

2. இக்கொசு அழுக்கு நீரில் பெருகும். சாக்கடையிலும் தொழுவ வடிகாலிலும் நீர் தேங்க விடலாகாது. மலக்குழியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டவும்.

3. முற்றிய வீக்கம் மாத்திரையால் வடிந்துவிடாது. காலை நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து வந்தால் புண்ணும் காய்ச்சலும் குறையும்.

வயலில் இறங்கி நிற்கும் கால்தான் உழவனின் முதல். வீங்கிய பின் வருந்துவதை விட, புழு ஒளிந்திருக்கும்போதே மாத்திரை உட்கொள்வது மேல்.