ஒரே திரை, பதினான்கு பம்புகள்

"தம்பி, ஆறைத் தொட்டேன், ஏழுல ஃபால்ட் வருது."

இராமநாதபுரம் கடலோரத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நிலையத்தின் கன்ட்ரோல் ரூமிலிருந்து மூத்த ஆபரேட்டர் போனில் சொன்னது இது. ஏழாம் பம்பில் அப்போது ஃபிட்டர் கப்ளிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேனலில் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டும் போட்டிருந்ததால் மோட்டார் அசையவில்லை; 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற அலாரம் மட்டும் வந்தது. அந்தப் பூட்டு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நிதானமாக நினைக்க முடிவதில்லை. தப்பு என்னுடையது. அதற்கு முந்தைய வாரம்தான் 14 பம்புகளுக்கும் சேர்த்து ஒரே திரையை நான் அமைத்திருந்தேன்.

அப்படி அமைத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. முன்பு ஒவ்வொரு பம்புக்கும் தனித் திரை. முதல் பம்பின் திரையை வரைந்து, காப்பி எடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் ஆணைக்கும் உரிய டேக் பெயர்களை மாற்றி மாற்றி 14 ஆக்கியிருந்தார்கள். ஓடிய மணி நேரத்தையும் காட்ட வேண்டும் என்று கேட்டபோது 14 இடத்திலும் கை வைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் ஒன்பதாம் பம்பின் திரை எட்டாம் பம்பின் ஆம்பியரைக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. காப்பி எடுத்தவர் ஒரு டேக்கை மாற்ற மறந்திருக்கிறார். நின்றுபோன பம்பு கரண்ட் இழுப்பதாகத் திரை சொல்லியிருக்கிறது, எத்தனை மாதமோ.

இதே மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் 576 இன்வெர்ட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் திரை வரைவதாக வைத்துக்கொண்டால், ஒரு சிறு திருத்தத்துக்குத் திரைக்கு 5 நிமிடம் போதும் என்றாலும் மொத்தம் 48 மணி நேரம். காப்பி எடுப்பது அந்த அளவுக்குத் தாங்காது. திரை ஒன்று, உள்ளே போகும் டேக் மட்டும் வேறு என்பதுதான் வழி. திரை வரையும் மென்பொருளான ஃபேக்டரிடாக் வியூவில் திரைக்குள் #1 என்று இடம் விட்டு வைக்கிறோம். திறக்கும்போது பாராமீட்டர் ஃபைல் அந்த இடத்தை நிரப்புகிறது. அதே வகை மென்பொருள்களான வின்சிசியில் டேக் ப்ரிஃபிக்ஸ், இக்னிஷனில் டெம்ப்ளேட் பாராமீட்டர். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

நான் சறுக்கியது இங்கேதான். #1-இல் ஸ்டார்ட் ஆணை, #2-இல் ஓடும் நிலை, #3-இல் ஆம்பியர், #4-இல் தலைப்பில் தெரிய வேண்டிய பம்பின் பெயர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்பினேன். 14 ஃபைல், 56 வரி, எல்லாம் கையால் அடித்தவை. ஆறாம் ஃபைலில் பெயர் 'பம்பு 6', ஆணை மட்டும் ஏழுக்கு. திரை ஒரு பெயரைச் சொல்லி இன்னொரு மோட்டாரை இயக்கியது. காப்பித் திரையில் இருந்த அதே நோயை ஃபைலுக்கு இடம் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

திருத்தும்போது, பம்புகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யிலிருந்து தொடங்கினேன். பம்பு என்றால் என்னென்ன என்பதற்கு ஒரே கட்டமைப்பு: எண், ஆணை, நிலை, டிரிப், ஆம்பியர், ஓடிய மணி, மீட்டரின் உச்ச அளவு. 14 பம்புக்கும் அதே அச்சு. திரைக்குப் போவது ஒரே ஒரு பாராமீட்டர், அந்தக் கட்டமைப்பின் பெயர். தலைப்பில் தெரியும் எண்ணையும் திரை அதிலிருந்தே படிக்கிறது. ஆகவே தப்பான பம்பைத் திறந்தாலும் தலைப்பு உண்மையைச் சொல்லிவிடும். பெயர் ஒரு பக்கம், ஆணை ஒரு பக்கம் என்று பிரிய வழியில்லை. மீட்டரின் உச்ச அளவையும் உள்ளே சேர்த்தது பிறகு பெரிய உதவியாக இருந்தது. கடல்நீர் பம்பும் உயர் அழுத்த பம்பும் இழுக்கும் கரண்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரே அளவுகோலில் காட்டினால் சிறியதன் முள் அசைவதே தெரியாது.

இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடியவர்களுக்குத் தெரியும். பல கிணறுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எங்கே நிற்கிறோம் என்பதைப் பலகையைப் பார்த்துத்தான் அறிகிறோம். ஒரே திரையில் தலைப்புதான் அந்தப் பலகை. அதனால் எங்கள் திரையில் எண்ணை எட்டடி தள்ளி நின்றாலும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கினேன். ஸ்டார்ட் அழுத்தியதும் வரும் உறுதிக் கேள்வியிலும் அதே எண் மறுபடி வரும். எண்ணுக்குக் கீழே ஆபரேட்டர்கள் வாயில் புழங்கும் தமிழ்ப் பெயர். எங்கள் பி.எல்.சி.யில் தமிழ் எழுத்தைச் சேமிக்க முடியாது. எண்ணை அங்கிருந்து வாங்கி, அதற்குரிய பெயரைத் திரை காட்டும்படி செய்தேன்.

இரண்டு பம்புகளுக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. உண்டு. அவற்றையும் அதே திரையில் திணித்து, வேண்டாததை மறைக்க நிபந்தனை போட்டுக்கொண்டே போனேன். மூன்றாம் நிபந்தனையிலேயே எனக்கே குழம்பியது. நேரடி ஸ்டார்ட்டருக்கு ஒன்று, வி.எஃப்.டி.க்கு ஒன்று என இரண்டு அச்சாகப் பிரித்தேன். என்ன விலை கொடுத்தாவது ஒரே திரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பி.எல்.சி.யின் அவுட்புட் வயர் வேறு மோட்டாருக்குப் போயிருந்தால் திரைக்குத் தெரியாது. கடைசிச் சோதனையை ஆபீஸ் மேசையில் செய்ய முடியாது. ஒரு காலை முழுக்க, உப்புக்காற்றில் துருவேறிய பேஸ் பிளேட்டுகளின் ஓரத்தில், போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொரு மோட்டாராகப் போய் நின்றேன். அதே மூத்த ஆபரேட்டர்தான் கன்ட்ரோல் ரூமில். "ஆறு போடுறேன் தம்பி" என்றார். மோட்டாரில் பெயின்டால் எழுதியிருந்த எண்ணைப் படித்து, ஷாஃப்ட் சுழல்வதைக் கண்ணால் பார்த்த பிறகு, "ஆறுதாண்ணே, நிறுத்துங்க, அடுத்தது ஏழு" என்றேன்.