மூளையின் அழலும் மண்ணின் மஞ்சளும்

முன்னுரை

மாசித் திங்களில் இராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை நோக்கிச் செல்வோரை முதலில் எதிர்கொள்வது மஞ்சளின் மணமே. வேகவைத்த மஞ்சள் களங்களில் காய்ந்து கொண்டிருக்கும். விரலி, உருண்டை, பனங்காலி எனத் தரம் பிரிக்கப்பட்டு மூட்டை மூட்டையாக ஏலத்திற்கு வந்து சேரும். சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்கு மஞ்சள் வெறும் விளைபொருள் அன்று. அது அடுக்களைப் பொருள், புண்ணுக்கு மருந்து, பல குடும்பங்களின் ஆண்டு வருவாய்.

அண்மைக் காலத்தில் இம்மஞ்சளின் சாரம் குப்பிகளில் அடைபட்டு, 'மூளையைக் காக்கும் மருந்து' என்னும் புதுப்பெயருடன் நம் இல்லங்களுக்கே திரும்பி வருகின்றது. முதியோரின் மறதி நோயை இது தடுக்கும், தணிக்கும் என்றெல்லாம் கூறப்படுகின்றது. இக்கூற்றுக்கு ஆய்வகங்கள் தரும் சான்று யாது, அச்சான்று எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் மூளையணு ஆராய்ச்சிக்கு என்ன இடம் என மாணவர் வினவலாம். சொல்லின் பொருளை வரையறுத்தலும், சான்றை எடைபோடுதலும், சான்று செல்லும் தொலைவுக்கு மட்டுமே முடிபு கூறுதலும் இலக்கிய மாணவர் நாள்தோறும் பயிலும் தொழிலன்றோ?

சொற்கள் காட்டும் வழி

உடலில் அடிபட்ட இடமோ கிருமி புகுந்த இடமோ சிவந்து, வீங்கி, சூடேறி, நோவெடுப்பதை மருத்துவத் தமிழ் 'அழற்சி' என்கிறது. 'அழல்' என்னும் நெருப்பின் பெயரே இதன் வேர். அரபு மொழியில் இதற்கு 'இல்திஹாப்' என்று பெயர். தீச்சுடரைக் குறிக்கும் 'லஹப்' என்னும் சொல்லோடு ஒரே வேரிற் பிறந்தது. இலத்தீன் வழிவந்த ஆங்கிலச் சொல்லும் தீமூட்டுதல் என்னும் பொருளிலிருந்தே தோன்றியது. மூன்று மொழியினரும் ஒரே உவமையைக் கண்டமை வியப்பிற்குரியது. தீ, அடுப்பில் இருக்கும்வரை சோறு சமைக்கும். கூரையில் ஏறினால் வீட்டை எரிக்கும். அழற்சியும் அத்தகையதே.

மஞ்சளுக்கு நிறந்தரும் வேதிப்பொருள் 'குர்குமின்' எனப்படும். இப்பெயரும் 'குர்கும்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து இலத்தீனுக்குச் சென்று, அங்கிருந்து அறிவியலுக்குள் புகுந்ததாகும். 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர் இப்பொருளை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தனர். அதன் வேதியமைப்பு 1910இல் தெளிவாயிற்று.

மூளைக்குள் மூளும் தீ

மூளையில் செய்தி கடத்தும் நரம்பணுக்கள் மட்டுமன்றி, அவற்றைக் காக்கும் துணையணுக்களும் உள்ளன. அவற்றுள் ஒருவகை 'மைக்ரோகிளியா' எனப்படும். 1919இல் இசுப்பானிய அறிஞர் பியோ தெல் ரியோ ஒர்தேகா இவற்றைத் தனி வகையாக இனங்கண்டு விளக்கினார். இவ்வணுக்கள் ஊர்க்காவலர் போன்றவை. கிருமியை விழுங்குதலும் இறந்த அணுக்களின் கழிவை அகற்றுதலும் இவற்றின் பணிகள்.

காவலர் ஓயாது தடி சுழற்றினால் ஊர் மக்களே அடிபடுவர். அதுபோல மைக்ரோகிளியா நெடுங்காலம் சினந்த நிலையில் இருக்குமாயின், அவை வெளிவிடும் இன்டர்லூகின் முதலிய பொருள்கள் அண்டையிலுள்ள நலமான நரம்பணுக்களையும் சிதைக்கின்றன. 1906ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் அலாய்சு அல்சைமர் விவரித்த மறதி நோயில், 'அமிலாய்டு' என்னும் புரதத் திட்டுகள் மூளையில் படிகின்றன. அத்திட்டுகளைச் சூழ்ந்து மைக்ரோகிளியா குழுமி நிற்பதை நுண்ணோக்கியில் காணலாம். இத்தீ வெளியே தெரிவதில்லை. காய்ச்சலும் வீக்கமும் காட்டுவதில்லை. நினைவு மங்கும்போதுதான் வீட்டார் அறிகின்றனர்.

ஆய்வகம் கண்டது

ஆய்வாளர் முதலில் கண்ணாடித் தட்டில் மூளையணுக்களை வளர்க்கின்றனர். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த பொருளை இட்டு அழற்சியைத் தூண்டுகின்றனர். பின்னர், ஆராயவேண்டிய மருந்தை ஒரு தட்டில் சேர்த்தும் மற்றொன்றில் சேர்க்காமலும், எத்தனை அணுக்கள் பிழைத்தன என எண்ணுகின்றனர். இத்தகைய சோதனைகளில் குர்குமின் அழற்சியைத் தணித்ததாகப் பல ஆய்வுகள் கூறின.

அடுத்த படி எலி. அமெரிக்காவின் லாசு ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமிலாய்டு படியுமாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு உணவில் குர்குமினைக் கலந்து கொடுத்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். எலிகளின் மூளையில் அழற்சிப் பொருள் குறைந்தது. அமிலாய்டுப் படிவு ஏறத்தாழ பாதியளவு குறைந்தது. உலகமே மஞ்சளை நோக்கித் திரும்பியதற்கு இவ்வாய்வு ஒரு முதன்மைக் காரணமாகும். எனினும் அதே ஆய்வில், படிவைக் குறைத்தது சிறிய அளவே. பன்மடங்கு பெரிய அளவு அதனைக் குறைக்கவில்லை. மிகுதியாக உண்டால் மிகுதியான நலம் என எண்ணுவோர் இக்குறிப்பை மனங்கொள்ள வேண்டும்.

இப்னு சீனாவின் உரைகல்

மருந்தைச் சோதிப்பதற்கு நெறிமுறை வகுத்தவர்களுள் இப்னு சீனா (980–1037) முன்னிற்பவர். தம் 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் ஏழு விதிகளை அவர் கூறுகின்றார். மருந்து புறக்கலப்பற்றதாக இருத்தல் வேண்டும்; அதன் ஆற்றல் நோயின் அளவிற்கு ஒத்திருத்தல் வேண்டும்; அதன் பயன் ஒருமுறை தோன்றி மறையாது, மீண்டும் மீண்டும் காணப்படல் வேண்டும் என்பன அவற்றுட் சில. இறுதி விதியோ இன்றைய ஆய்வகங்களின் வாயிலில் பொறிக்கத்தக்கது. மருந்தை மனித உடலிலேயே சோதிக்கவேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பயன் மனிதரிடம் காணும் பயனுக்குச் சான்றாகாது என்பது அதன் கருத்து. சிங்கத்தின் இடத்தில் எலியை வைத்துப் பார்த்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அவ்விதி நம் பொருளுக்கு முற்றும் பொருந்துவதை உணரலாம்.

மனிதரிடம் கண்டவை

இவ்விதியின்படி மஞ்சளை உரைத்துப் பார்ப்போம். ஆங்காங்கில் 34 நோயாளரிடம் ஆறு மாத காலம் நடந்த சோதனை 2008இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 1 கிராமோ 4 கிராமோ குர்குமின் பெற்றவர்க்கும் வெற்று மருந்து பெற்றவர்க்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் 24 வாரம் நடந்த மற்றொரு சோதனை 2012இல் வெளியாயிற்று. அதன் முடிவும் அதுவே. உண்ட குர்குமினில் மிகமிகச் சிறிதளவே இரத்தத்தில் காணப்பட்டது. குடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. ஏற்றதையும் கல்லீரல் விரைந்து மாற்றிவிடுகின்றது.

மறுபக்கச் சான்றையும் மறைத்தல் முறையன்று. எளிதில் உடலில் சேருமாறு பதப்படுத்திய குர்குமினை 18 மாதம் உண்டவர்க்கு நினைவாற்றல் மேம்பட்டதென 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு அறிவித்தது. ஆயின் அதில் பங்கேற்றோர் 40 பேரே. அவர்கள் மறதி நோயாளரும் அல்லர். இஃது ஆராயத்தக்க குறிப்பே ஒழிய முடிந்த முடிபாகாது. குர்குமின் தன்னியல்பாகவே ஒளிர்வதாலும், பல புரதங்களோடு ஒட்டிக்கொள்வதாலும், விரைவில் சிதைவதாலும், கண்ணாடித் தட்டுச் சோதனைகளில் பொய்யான வெற்றியைக் காட்டக்கூடும் என 2017இல் வேதியியல் அறிஞர் குழு ஒன்று எச்சரித்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இந்தியர் மஞ்சள் உண்பதால்தான் இங்கு மறதி நோய் குறைவு என்பாரும் உளர். அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஆண்டுக்கு ஆயிரத்திற்கு 4.7 பேர் அல்சைமர் நோயுற்றனர். அமெரிக்காவில் ஒப்பிட்ட பகுதியில் அவ்வளவு 17.5. வேறுபாடு மெய்யே. ஆனால் அதன் காரணம் மஞ்சள் என அவ்வாய்வு நிறுவவில்லை. ஆயுள் அளவு, மரபு, உணவு, உழைப்பு, மறதியை முதுமையின் இயல்பெனக் கருதி வீட்டார் சொல்லாமை எனக் காரணம் பலவாக இருக்கலாம். இரண்டு ஒருங்கே காணப்படின் ஒன்று மற்றதன் காரணமென்று கொள்ளுதல் தருக்கப் பிழையாகும்.

அளவும் தூய்மையும்

மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவிலேயே உள்ளது. ஆங்காங்கு நோயாளர் உண்ட 4 கிராமைப் பெற, ஒருவர் நாள்தோறும் 130 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் உண்ணவேண்டும். குழம்பில் இடும் சிட்டிகை மஞ்சள் சுவைக்கும் நிறத்திற்கும் உரியது, அதனால் தீங்கில்லை. குப்பியில் அடைத்த செறிவின் நிலை வேறு. 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்தால் குர்குமின் உடலில் சேரும் அளவு 20 மடங்கு உயர்வதாகப் பெங்களூரில் நடந்த ஆய்வு 1998இல் காட்டியது. கொல்லிமலை மிளகும் சமவெளி மஞ்சளும் சேர்ந்த நற்கூட்டணி என மகிழலாம். ஆனால் அதே மிளகுச் சத்து, வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தவல்லது. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்ற 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் எழுதினர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார்.

தூய்மை பற்றிய விதியோ நம் சந்தைகளுக்கே நேரடியாக உரியது. நிறம் மங்கிய மஞ்சளுக்குப் பளபளப்பேற்ற 'லெட் குரோமேட்' என்னும் ஈயச்சாயம் பூசும் தீச்செயல் வங்கதேசத்தில் பரவியிருந்ததை 2019இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். ஈயம் மூளையைத் தாக்கும் நஞ்சு. வளரும் குழந்தையின் அறிவாற்றலை அது குறைக்கும். மூளையைக் காக்குமென்று நாம் ஊட்டும் பொருளே மூளையைச் சிதைக்கும் கொடுமை இது. அந்நாட்டு அரசும் ஆய்வாளரும் விழிப்புணர்வையும் தண்டனையையும் ஒருங்கே கையாண்டனர். 2019இல் சந்தை மாதிரிகளுள் 47 விழுக்காட்டில் காணப்பட்ட ஈயம், 2021இல் ஒன்றிலும் காணப்படவில்லை. நேர்மையான வணிகமும் ஒரு மூளைக் காப்பு மருந்தே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஓர் இல்லத்துப் பாடம்

எம் பெரியத்தா மஞ்சள் மண்டியொன்றில் நாற்பதாண்டு கணக்கெழுதியவர். விரலி மஞ்சளை ஒடித்து, ஒலி கேட்டே அதன் காய்ச்சலைச் சொல்லுவார். எழுபதைக் கடந்தபின் தம் கணக்கேட்டையே எங்கு வைத்தோம் எனத் தேடலானார். உறவினர் ஒருவர் அன்பின் மிகுதியால் மஞ்சள் மாத்திரைக் குப்பிகளைக் கொணர்ந்து, 'இது நம் மண்ணின் மருந்து. மற்ற மாத்திரைகள் எதற்கு?' என்றார். யாமும் வாளாவிருந்தோம். இரத்த அழுத்த மாத்திரை நின்றது. சில திங்களுக்குப் பின் மருத்துவரிடம் சென்றபோது அழுத்தம் அஞ்சத்தக்க அளவு ஏறியிருந்தது. வைட்டமின் பி12 குறைவும் கண்டறியப்பட்டது. அதற்கு ஊசியிட்டபின் ஓரளவு தெளிவு திரும்பியது, முழுதும் திரும்பவில்லை. முன்னரே சென்றிருந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்னும் வினா எம்மை இன்றும் விட்டபாடில்லை.

மறதி யாவும் அல்சைமர் நோயன்று. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உறைந்த இரத்தம் ஆகியவற்றாலும் மறதி தோன்றும். இவை சிகிச்சைக்கு இணங்குவன. ஆகவே மறதி தோன்றியவுடன் செல்லவேண்டிய இடம் மருத்துவமனையே. மருத்துவர் தந்த மாத்திரையை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. குப்பி மருந்து எதை உண்டாலும் அவரிடம் மறைத்தலும் ஆகாது.

முடிவுரை

புண்ணுக்கு மஞ்சள் என்பது முன்னோர் கண்டது. அதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை, நம் அறிவியல் தொழில் ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி 1997இல் நீக்கச் செய்தது. மூளைக்கு மஞ்சள் என்பதோ ஆய்வகம் எழுப்பிய வினா. விடை இன்னும் முழுமையுறவில்லை. வினாவை விடையென்று விற்பது அறிவுக்கும் நம் மண்ணுக்கும் இழுக்காகும்.

மூளையைக் காக்கும் வழி அறவே இல்லையெனச் சோர வேண்டா. 2024இல் லான்செட் மருத்துவக் குழு 14 காரணிகளைச் சுட்டி, அவற்றைச் சீர்செய்தால் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், கேட்புக் குறை, பார்வைக் குறை, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியன அவற்றுட் சில. இளமையிற் கல்வி குன்றலும் அப்பட்டியலில் உள்ளது. முதியோரைத் தனிமையில் விடாது பேசியிருத்தலும், செவி மங்கியோர்க்குக் கருவி வாங்கித் தருதலும், பெண்மக்களின் படிப்பை இடையில் நிறுத்தாதிருத்தலும் எந்தக் குப்பியிலும் கிடைக்காத காப்புகள். மாணவர் இன்று மாலை இல்லம் சென்றதும், வீட்டு முதியவர் தம் அழுத்த மாத்திரையை உண்டனரா என ஒருமுறை கேட்பாராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகக் கொள்வோம்.