ஓவியர் பென்சிலை எடுக்கும் முன்

ஒரு சிறிய ஸ்கேட் கடை ஓவியர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து பலகையும் உடையும் வெளியிட நினைத்தால், பெரும்பாலும் படத்திலிருந்துதான் தொடங்குகிறது. கடைக்காரருக்குப் பிடித்த ஓவியத்தைப் பலகையில் ஏற்றுவார்கள். அதையே சுருக்கி டி-ஷர்ட்டிலும் அச்சடித்துவிடுவார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பொருள், உரிமை, எண்ணிக்கை மூன்றும் முடிவான பிறகுதான் ஓவியர் வரையத் தொடங்க வேண்டும். இதில் ஓவியரின் சுதந்திரம் குறையாதா என்று கேட்கலாம். அமெரிக்க ஸ்கேட் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ஜிம் பிலிப்ஸ் 1985-இல் சாண்டா குரூஸ் நிறுவனத்தின் ஸ்பீடு வீல்ஸ் சக்கரங்களுக்காக வரைந்ததுதான் ஸ்கேட் உலகில் புகழ்பெற்ற ‘அலறும் கை’ (Screaming Hand) ஓவியம். சக்கர விளம்பரத்துக்காகப் பிறந்ததால் தடித்த கோடு, ஒற்றை உருவம், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் வெளிவடிவம். ஸ்டிக்கர், சட்டை, பலகை என்று எங்கே போனாலும் அது உருக்குலையாமல் நிற்பதற்கு அந்தச் சிக்கனமே காரணம்.

ஆகவே முதல் படி, பலகை சுவருக்கா தெருவுக்கா என்று தீர்மானிப்பது. ஜெஃப் கூன்ஸ், டேமியன் ஹர்ஸ்ட் போன்ற கலைஞர்களோடு சுப்ரீம் என்ற ஸ்கேட் உடை நிறுவனம் வெளியிட்ட டெக்குகள் (சக்கரம் பூட்டாத பலகைகள்) இன்று சேகரிப்பாளர்களின் சொத்து. அந்த நிறுவனம் இருபது ஆண்டுகளில் வெளியிட்ட 248 டெக்குகளின் தொகுப்பு 2019 ஜனவரியில் சோத்பீஸ் ஏல நிறுவனம் மூலம் 8 லட்சம் டாலருக்கு விற்றது. இந்த எண்ணைப் பார்த்து மயங்கும் கடைகள் உண்டு. ஆனால் அந்த விலை கிடைத்தது முழுத் தொகுப்புக்கு. அதற்குப் பின்னால் நீண்ட காலம் கட்டியெழுப்பிய பெயரும் இருந்தது. தெருமுனைக் கடைக்கு வாடிக்கையாளர் என்பவர் பலகையை ஓட்டித் தேய்த்துவிட்டு அடுத்ததை வாங்க வருபவர். அவரை மறந்து சுவருக்காகச் செய்தால் இரண்டு சந்தையும் கைநழுவும். சேகரிப்பாளருக்கென்று ஏதாவது வேண்டுமென்றால், துளையிடாத டெக்குகள் சிலவற்றில் ஓவியரிடம் கையெழுத்து வாங்கித் தனியே வைத்துக்கொண்டால் போதும்.

ஓவியரைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். மார்க் கொன்சாலஸ் போலத் தானே ஓட்டி, தானே வரைபவர் உங்கள் ஊரில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால், தன் படம் சிமெண்ட் விளிம்பில் உரசி அழியப்போகிறது என்பதைச் சிரித்துக்கொண்டே ஏற்பவராகப் பாருங்கள். அது வலிக்கிறவரோடு இந்த வேலை ஓடாது.

அடுத்தது காகிதம், இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். “நண்பர்தானே, எழுத்தில் எதற்கு?” என்பது வழக்கமான மறுப்பு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தை விலை கொடுத்து வாங்கினாலும் அதை அச்சிடும் உரிமை கூடவே வராது. உரிமையை முழுதாக மாற்றித் தரவேண்டுமென்றால் ஓவியர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். கூலி கொடுத்து வரையச் சொன்னதாலேயே படம் கடைக்குச் சொந்தமாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. சம்பள ஊழியர் அல்லாதவர் விஷயத்தில் சட்டம் அதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. உண்மையில் சிறு கடைக்கு முழு உரிமை தேவையும் இல்லை. எந்தெந்தப் பொருளில், எத்தனை பிரதி, எவ்வளவு காலம் என்று வரையறுத்த உரிமம் போதும். ஸ்டிக்கர், விளம்பரப் படம், மறுபதிப்பு ஆகியவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் மறுபதிப்பில்தான் வரும்.

ஸ்கேட் உலகமே திருட்டிலும் கேலியிலும் வளர்ந்ததுதானே, இதில் ஏன் இத்தனை வக்கீல்தனம் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மைதான். 90-களின் தொடக்கத்தில் பெரு நிறுவனங்களின் சின்னங்களையும் கார்ட்டூன் உருவங்களையும் நையாண்டி செய்த டெக்குகள் ஏராளம். சுப்ரீம்கூட 2000-இல் லூயி வித்தோன் என்ற ஆடம்பர நிறுவனத்தின் சின்னத்தை நினைவூட்டும் டெக்குகளை வெளியிட்டு, அந்த நிறுவனத்தின் எதிர்ப்பால் நிறுத்தியது. 2017-இல் இரு நிறுவனங்களும் முறையாகக் கூட்டுச் சேர்ந்தன. ஆனால் பெரிய நிறுவனத்தைச் சீண்டுவது வேறு, உங்களை நம்பி வரையும் உள்ளூர் ஓவியரின் உரிமையைத் தெளிவில்லாமல் விடுவது வேறு. முன்னதற்குக் கேலி என்று பெயர் சொல்லிக்கொள்ளலாம்.

கையெழுத்தான பிறகு ஓவியரிடம் வெற்று டெக் ஒன்றையே கொடுத்துவிடுங்கள், தொழிற்சாலை தரும் அளவு வரைபடத்தோடு. வழக்கமான டெக் ஏழு அடுக்கு மேப்பிள் மரம். அகலம் 8 முதல் 8.5 அங்குலம், நீளம் ஏறக்குறைய 32 அங்குலம். அதாவது அகலத்தைப்போல் நான்கு மடங்கு நீளம். சதுரமான ஓவியம் இதில் அமராது. முன்னும் பின்னும் வளைந்து எழும் பகுதிகளில் படம் குறுகித் தெரியும். ட்ரக் (சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சு) பூட்டும் இரண்டு இடங்கள் மறைந்துபோகும். முகத்தையோ எழுத்தையோ அங்கே வைத்தால் வீண். கம்பியிலும் திண்ணை விளிம்பிலும் சறுக்கும்போது முதலில் தேய்வது நடுப்பகுதி. ஆகவே நடுவில் அழிந்தாலும் பாதகமில்லாத நிறப்பரப்பு இருக்கட்டும். அச்சு முறையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஹீட் டிரான்ஸ்பரில் எத்தனை நிறமும் வரும், புகைப்படம்கூட வரும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு திரைச் சட்டகம் வேண்டும். உழைப்பு அதிகம், ஆனால் மையின் அழுத்தம் தனி அழகு. நீர்வண்ணம் போன்ற படத்தை ஸ்கிரீனில் போடச் சொல்லிக் கடைசி நேரத்தில் அச்சகத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

உடைக்குத் தனியாக வரையச் சொல்லுங்கள். டெக்கின் நெடும்படத்தைச் சட்டையின் முதுகில் அப்படியே நிறுத்தினால் தொங்கவிட்ட நாட்காட்டி போலிருக்கும். அந்த ஓவியத்திலிருந்து ஓர் உருவத்தை மட்டும் பிரித்து, இரண்டு மூன்று நிறத்துக்குள் அடக்கி, நெஞ்சில் சிறியதாகவும் முதுகில் பெரியதாகவும் வைப்பது வழக்கம். டெக்கில் கடைக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். சட்டையும் ஹூடியும்தான் கணக்கை நேராக்கும். அதனால் ஓவியரின் பங்கை டெக்குக்கும் உடைக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். டெக்குக்கு ஒரே தொகையை முன்பணமாகவும், உடைக்கு விற்ற எண்ணிக்கைப்படி ராயல்டியாகவும் கொடுப்பது இரு தரப்புக்கும் நியாயம்.

எண்ணிக்கையைத் தொழிற்சாலையின் குறைந்தபட்ச ஆர்டரிலிருந்து தொடங்குங்கள்; ஆசையிலிருந்து அல்ல. அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு மாதிரி டெக்கும் ஒரு சட்டையும் வரவழைத்து, நிறத்தை ஓவியரே பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். ஓவியருக்குச் சேரும் இலவசப் பிரதிகளை மொத்தத்திலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்தும் விற்காமல் மிஞ்சும் பிரதிகளைத் தள்ளுபடியில் போடலாமா, போட்டால் ராயல்டி எந்த விலைக்கு என்பதும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.